எட்டு ஏக்கர் புல்லில் ஒரு ரன்வே

ஓசூரிலிருந்து தளி போகிற சாலையில் மத்திகிரியைத் தாண்டினால் பேளகொண்டப்பள்ளி வரும். அந்த வழியாக தினமும் பஸ்ஸில் போகிறவர்களிலேயே நிறையப் பேருக்கு அங்கே ஒரு முழு விமான ஓடுபாதை இருப்பது தெரியாது. அரசாங்கத்துடையதல்ல, தனியாருடையது. தனேஜா ஏரோஸ்பேஸ் என்ற நிறுவனம் 1990களில் இங்கே சிறு விமானங்கள் செய்யத் தொடங்கியது. இத்தாலியின் பார்டனேவியா நிறுவனத்திடம் உரிமம் வாங்கி, இரட்டை இன்ஜின் கொண்ட ஆறு பேர் உட்காரும் விமானத்தை நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து மண்ணில் (அப்போது தர்மபுரி மாவட்டம்; 2004-இல்தான் பிரிந்தது) பூட்டிப் பறக்கவிட்டார்கள். ஓடுபாதை ஏறக்குறைய 7,000 அடி. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல்.

அந்தத் தார் ஓடுபாதை இருக்கட்டும். நான் சொல்ல வந்தது அதைவிட ரொம்பச் சின்ன விஷயம். தாரும் வேண்டாம், கான்கிரீட்டும் வேண்டாம், டவரும் வேண்டாம். ஒரு விவசாயி தன் நிலத்தில் ஒரு பட்டையைப் புல்லாக விட்டு, சமப்படுத்தி, அதில் சிறு விமானம் இறங்க அனுமதிப்பது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இது சர்வசாதாரணம். அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்கள் ஏறக்குறைய 5,000 என்றால், தனியார் இறங்குதளங்கள் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அவற்றில் நிறைய வெறும் புல்தரைகள். நம் பக்கத்தில் இப்படி ஒன்று இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதே இல்லை. எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் விமான நிலையம் என்று சொன்னவுடன் வருகிற முதல் கேள்வி, “யாரு நெலம் போவுது?” என்பதுதான். 2024 ஜூனில் ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள் வந்துபோகும் அளவில் விமான நிலையம் அமையும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அன்றிலிருந்து டீக்கடையில் உட்கார்ந்தால் சர்வே நம்பர் பேச்சுதான். சிலர் நிலத்தை விற்கத் துடிக்கிறார்கள், சிலருக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த நிலையம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் ரன்வே என்றால் நிலம் பறிபோவது என்ற ஒரே அர்த்தம்தான் நம் மனதில் பதிந்திருக்கிறது. புல் ஓடுபாதை அப்படியல்ல. மேல் மண்ணைச் சுரண்டி எடுக்காமல், அதன்மேல் எதையும் கொட்டாமல் போடுவது அது. ஐந்து வருஷம் விமானம் இறங்கின இடத்தில் ஆறாவது வருஷம் ஏர் பூட்டி ராகி விதைக்கலாம்.

விமானம் என்கிற விஷயமே புல்லில் பிறந்ததுதான். ரைட் சகோதரர்கள் 1903-இல் கடற்கரை மணலில் முதலில் பறந்தார்கள் என்பது பள்ளிக்கூடப் பாடம். அப்புறம் அடுத்த இரண்டு வருஷம் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாடத்தில் வருவதில்லை. தங்கள் ஊரான டேட்டன் நகரத்துக்கு வெளியே ஹஃப்மன் என்பவரின் மாட்டு மேய்ச்சல் நிலத்தில் பறந்து பழகினார்கள். அவர் வாடகை வாங்கவில்லை. பறப்பதற்கு முன்னால் மாடுகளையும் குதிரைகளையும் வேலிக்கு வெளியே ஓட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. திரும்புவது, வட்டமடிப்பது, விழாமல் இறங்குவது எல்லாவற்றையும் அந்த மேய்ச்சல் நிலத்தில்தான் கற்றார்கள். 1905 அக்டோபரில் அங்கேயே சுற்றிச் சுற்றி 39 நிமிடம், 24 மைல் பறந்தார்கள்.

ஆரம்பகால விமானத் தளங்களுக்கு ‘ஓடுபாதை’ என்று தனியாக ஒன்று கிடையாது. அகலமான ஒரு மைதானம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் மூக்கை வைத்து ஏற வேண்டியது. நம் நாட்டு விமானப் போக்குவரத்தும் அப்படித்தான் தொடங்கியது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபால் மூட்டையோடு வந்து இறங்கிய ஜுஹு வெறும் மண் தரை. அங்கிருந்து அவருடைய கூட்டாளியான விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராசுக்கு எடுத்துப் போனார். மழைக்காலத்தில் ஜுஹு சேறாகிவிடும் என்பதால் அந்த மாதங்களில் விமானத்தைப் பூனாவுக்கு மாற்றிக்கொண்டார்கள். மழை வந்தால் நிலத்தை விட்டு விலகு என்ற இந்தப் புத்தி எந்த மானாவாரி விவசாயிக்கும் புரியும்.

அதன்பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. குண்டு சுமக்கும் கனமான விமானங்களைப் புல் தாங்காது என்று உலகம் முழுக்கக் கான்கிரீட் கொட்டினார்கள். நம் மாநிலத்தில் சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு என்று அந்தக் காலத்து ஓடுபாதைகள் உண்டு. சோழவரத்தில் பிற்பாடு கார் பந்தயம் ஓட்டினார்கள். அவை எதுவும் திரும்ப விளைநிலமாகவில்லை. கான்கிரீட் அப்படித்தான், ஒருமுறை கொட்டிவிட்டால் மண்ணுக்கு விடுதலை கிடையாது.

தென் இங்கிலாந்தில் என் தங்கை குடும்பம் இருக்கிறது. மச்சானோடு மருத்துவமனையில் வேலை பார்க்கிற ஒருவர் சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருக்கிறார். அதை நிறுத்துவது நகரத்து விமான நிலையத்தில் அல்ல, கோதுமையும் ஆடும் வளர்க்கிற ஒரு வயசான விவசாயியின் பண்ணையில். அந்தப் பண்ணையை நேரில் பார்த்த பிறகுதான் இந்த விஷயம் எனக்குள் சரியாக இறங்கியது.

அறுநூறு மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம். கணக்குப் போட்டால் மூன்று ஏக்கர். இரண்டு பக்கமும் கோதுமை. ஓரங்களில் வெள்ளையடித்த பலகைகள் இடைவெளி விட்டுப் படுக்க வைத்திருந்தன. ஒரு மூலையில் கம்பம், அதன் உச்சியில் காற்றின் திசை காட்டும் ஆரஞ்சு நிறத் துணிக்குழாய். தகரக் கொட்டகையில் மூன்று விமானங்கள். ஒன்று பைப்பர் கப். 1938-இலிருந்து 1947-க்குள் ஏறக்குறைய 20,000 செய்து விற்ற பழைய மாடல், 65 குதிரைசக்தி இன்ஜின், துணி போர்த்திய உடம்பு, வாலில் சின்னச் சக்கரம். நம் பெங்களூரு எச்.ஏ.எல். 1958-இல் பறக்கவிட்ட புஷ்பக் விமானமும் இதே சாதிதான்; அந்தக் காலத்துப் பறக்கும் கழகங்களில் எத்தனையோ பேர் அதில் பழகியிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து யாராவது அந்தப் பண்ணையில் இறங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே போன் செய்து கேட்க வேண்டும். “நேத்து மழை, கீழ்க்கோடியில ஈரம் இருக்கு, ரெண்டு நாள் கழிச்சு வாங்க” என்ற மாதிரிப் பதில்தான் வருமாம்.

அந்தப் பெரியவர் காலையில் செய்த வேலை இன்னும் கண்ணில் நிற்கிறது. விமானம் கிளம்புவதற்கு முன்னால் ரன்வேயை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தார். கையில் தடி. பத்தடிக்கு ஒருமுறை குதிகாலை அழுத்திப் பார்ப்பார். குதிகால் உள்ளே போனால் நின்று, குனிந்து, புல்லை விலக்கி மண்ணை விரலால் தொட்டுப் பார்ப்பார். வளை தோண்டும் பிராணி தள்ளிவிட்ட மண்மேடு ஒன்றைக் காலால் பரப்பி மிதித்துச் சமப்படுத்தினார். ஒரு இடத்தில் புல் மற்ற இடத்தைவிடக் கரும்பச்சையாக இருந்தது. அதைத் தடியால் காட்டி, அடியில் நீர் தேங்குகிறது, வடிகால் வெட்ட வேண்டும் என்றார். விமானியும் கூடவே நடந்தார். ஆனால் பார்த்தது பெரியவர்தான். எங்க தாத்தா காலையில் கொல்லையைச் சுற்றி வருவதும் இதேதான். நடை, தடி, குனிவது, மண்ணைத் தொடுவது. புல் ஓடுபாதை போடுவது என்ஜினீயர் வேலை என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். அது விவசாயி வேலை என்று தெரிந்துகொண்டு வந்தேன்.

அதற்கப்புறம் ஊருக்கு வந்தபோது கெலமங்கலம் பக்கம் இருக்கிற எங்க தாய்மாமாவிடம் இதைச் சொன்னேன். ராகி, அவரை, நிலக்கடலை, கொஞ்சம் தக்காளி, ஓரமாக மா மரங்கள் என்று அந்தப் பக்கத்து வழக்கமான வெள்ளாமை அவருடையது. “இன்னா மாப்ளே, கொல்லையில பிளேனு எறக்கப் போறியா?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வா, நடந்து பாக்கலாம்” என்று கிளம்பிவிட்டார்.

அந்த நடையில் இங்கிலாந்துப் பெரியவர் என்னென்ன பார்த்தாரோ அத்தனைக்கும் மாமாவிடம் பதில் இருந்தது. தண்ணீர் எங்கே நிற்கும்? “அதோ கோரை மொளைச்சிருக்கே, அங்க. எத்தினி தபா புடுங்கினாலும் அங்கதான் வரும். தண்ணி நிக்காத எடத்துல கோரைக்கு இன்னா வேல?” செம்மண் மேட்டில் மழை நின்ற மறுநாளே கால் வைக்கலாம், ஏரிக்குக் கீழே இருக்கிற களிமண் நிலத்தில் நாலு நாளானாலும் செருப்பு பிடுங்கிக்கொள்ளும் என்றார். அவருடைய நிலத்தில் எங்கே பாறை ஒரு முழத்துக்குள் இருக்கிறது, எங்கே கரையான் புற்று திரும்பத் திரும்ப எழும்புகிறது, எங்கே பெருச்சாளி வளை, எல்லாம் வாய்ப்பாடு போலச் சொல்கிறார். சரிவு எவ்வளவு என்று கேட்டதற்கு, பாத்தியில் தண்ணீர் விட்டால் கடைமடைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பதை வைத்துச் சொன்னார்.

என்னை அசத்தியது காற்றுக் கணக்கு. ரன்வேயின் திசைதான் முதல் தீர்மானம்; விமானம் எதிர்காற்றில் ஏறவும் இறங்கவும் வேண்டும். அதற்கு வருஷம் முழுக்கக் காற்று எப்படி வீசுகிறது என்ற பதிவு தேவை. பெங்களூருவின் இரண்டு பெரிய விமான நிலையங்களின் ஓடுபாதைகளும் கிழக்கு மேற்காகவே படுத்திருக்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்தும் குளிர்காலத்தில் கிழக்கிலிருந்தும் காற்று வருவதுதான் காரணம். மாமாவிடம் கேட்டேன். களத்தில் நின்று கையை நீட்டினார். “ஆடிக் காத்து இப்பிடி வரும். ராகி தூத்தறப்போ, தையில, அந்தப் பக்கமிருந்து வரும். தூத்தறவன் காத்து தெரியாம மொறத்தத் தூக்கினா உமி பூரா மூஞ்சியிலதான்.” முறம் பிடித்துத் தூற்றிய தலைமுறைக்கு எந்த மாசம், எந்த நேரம், எந்தப் பக்கம் காற்று என்று உடம்புக்கே தெரியும். காலையில் காற்று அடங்கியிருக்கும், பத்து மணிக்கு மேல் எழும்பும், சாயங்காலம் தணியும் என்று நேரவாரியாகவும் சொன்னார்.

புல்லைப் பற்றிப் பேசும்போதுதான் சண்டை வந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் புல் ரன்வேக்களுக்கு விரும்பி வளர்ப்பது அருகம்புல்தான். தரையோடு தரையாகப் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, மேலே கொடியும் கீழே கிழங்கு மாதிரித் தண்டுமாக மண்ணை வலை போட்டுப் பிடித்துவிடும். சக்கரம் ஏறினாலும் மண் பெயராது. வெயிலில் காய்ந்து மஞ்சளானாலும் ஒரு மழைக்குத் திரும்பப் பச்சையாகும். நான் இதைச் சொன்னதும் மாமா நின்றுவிட்டார். “கொல்லையில அருகு ஏறிடுச்சுன்னா ரெண்டு உழவு கூடவே ஓட்டி, கெழங்கு கெழங்கா பொறுக்கி வரப்புல காயப் போடறோம். அத நட்டு வளக்கணும்ங்கறியா?” அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பக்கத்து நிலத்துக்குள் அருகு போகாமல் இரண்டு பக்கமும் ஆழமாக வாய்க்கால் வெட்டி, வருஷா வருஷம் ஓரத்தை உழுதுகொண்டே இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் யாரையும் புல் ரன்வே போடச் சொல்லக் கூடாது.

வெட்டுவதற்கு ஆள் தேடவே வேண்டாம். செம்மறி போதும். ஒரு மந்தையைப் பட்டி போட்டால் புல்லும் குறையும், எருவும் ஆகும். விமானம் வரும் நாளில் மட்டும் விலக்கி ஓட்டினால் சரி. மாடு சரிப்படாது. ஈரத்தில் குளம்பு பதிந்து காய்ந்தால் அந்தக் குழி சக்கரத்துக்கு எமன். துணி போர்த்திய விமானமென்றால் மாடு நக்கி நக்கியே கிழித்துவிடும். 

இப்போது நீளம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் மேட்டு நிலத்துக்கு இங்கிலாந்துக் கணக்கு ஒத்துவராது. சிறு விமானத்தின் கையேட்டில் ஏறுவதற்கு ஒரு தூரம் போட்டிருப்பார்கள். 400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், கெட்டித் தரையில் ஓடி 50 அடி உயரம் எட்டுவதற்கான தூரம். பிரிட்டிஷ் விமானத்துறை சிறு விமானிகளுக்குச் சொல்லும் பெருக்கல் கணக்கு இப்படி: காய்ந்த புல்லென்றால் 1.2, ஈரப் புல்லென்றால் 1.3, ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் 1.1; ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் வெப்பத்துக்கும் 1.1. எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும்.

ஓசூர் மேட்டுப் பகுதி ஏறக்குறைய 3,000 அடி. அந்த உயரத்துக்கென்று விமானக் கணக்கில் வைத்துக்கொள்ளும் வெப்பம் 9 டிகிரி. 29 டிகிரி அடிக்கிற ஒரு மத்தியானத்தில் அது 20 டிகிரி கூடுதல். 400 மீட்டரை உயரத்துக்கு மூன்று முறை 1.1-ஆல், வெப்பத்துக்கு இரண்டு முறை 1.1-ஆல், காய்ந்த புல்லுக்கு 1.2-ஆல் பெருக்கினால் 773 மீட்டர் வருகிறது. அதற்கு மேல் பாதுகாப்புக்கென்று 1.33-ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். 1,028 மீட்டர். கையேட்டில் 400 என்று இருந்தது இங்கே ஆயிரத்தைத் தாண்டிவிட்டது! அதே இடத்தில் விடிகாலை 19 டிகிரியில் கிளம்பினால், பாதுகாப்புக் கணக்கு சேர்க்காமல், 773-க்குப் பதில் 703 போதும். வெயில் ஏறுவதற்குள் உழவை முடிக்கிற பழக்கம் இங்கேயும் செல்லும்.

ஆக 1,100 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அது எட்டு ஏக்கர் சொச்சம். ஓசூருக்கு அறிவித்த 2,000 ஏக்கரோடு இதை ஒப்பிடக் கூடாது, இரண்டும் வேறு வேலை. ஆனால் எட்டு ஏக்கரில் நடக்கிற ஒரு பறத்தல் இருக்கிறது என்பதாவது நம் ஊருக்குத் தெரிய வேண்டும்.

இறங்குவதற்கும் கணக்கு உண்டு. காய்ந்த புல்லில் 15 சதவீதம் கூடும், ஈரப் புல்லில் 35. மிகக் குட்டையான புல், அடியில் கெட்டித் தரை, மேலே ஈரம் என்று மூன்றும் சேர்ந்தால் வழுக்கிக்கொண்டு போகும். 60 சதவீதம் வரை கூடலாம் என்று எச்சரிக்கிறார்கள். நம் செம்மண் கெட்டித் தரையில் ஒரு தூறலுக்குப் பிறகு உண்டாகும் நிலைமை அதேதான். அந்தப் பண்ணையில் விமானி ஏறும்போது கவனித்தேன். இன்ஜினுக்கு முழுவிசை கொடுத்தவர், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த கட்டுப்பாட்டுக் கம்பியைத் தரையை விடும்வரை தளர்த்தவே இல்லை. சக்கரத்தின் மேல் இருக்கிற பாரத்தை இறக்கைகள் சீக்கிரம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக. தரையை விட்டதும் சட்டென்று மேலே ஏறாமல் புல்லுக்கு ஓராள் உயரத்திலேயே கொஞ்ச தூரம் போய், வேகம் சேர்த்துக்கொண்டு, அப்புறம்தான் ஏறினார்.

இடைஞ்சல் இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. முதலில் கம்பி. நம் பக்கத்தில் போர்வெல் இல்லாத கொல்லை இல்லை, போர்வெல்லுக்கு வராத மின்கம்பி இல்லை. மேலிருந்து பார்க்கிறவனுக்குக் கம்பம் தெரியும், கம்பி தெரியாது. இரண்டு கோடியிலும் சில நூறு மீட்டருக்குக் கம்பி இல்லாத நிலம் கெலமங்கலத்திலிருந்து ராயக்கோட்டை வரை தேடினாலும் லேசில் கிடைக்காது. அடுத்தது கைப்பிடிச்சுவர் இல்லாத பழைய கிணறு, கல் குவாரிப் பள்ளம், தென்னை. மயில் கூட்டம் வேறு பெருகிவிட்டது. தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி காட்டோரங்களில் ராகி கதிர் பிடிக்கிற பருவத்தில் யானைக் கூட்டம் வரும். அந்த வழியில் எந்த ஓடுபாதையும் வேண்டாம் என்பேன். யானைக்கு அந்த நிலம் நமக்கு முன்னாலிருந்தே தெரியும்.

நிலம் துண்டு துண்டாக இருப்பது இன்னொரு சிக்கல். 1,100 மீட்டருக்கு நேர்கோடு போட்டால் எத்தனை பட்டாவை வெட்டுமோ! மேய்ச்சல் புறம்போக்கில் போட்டுவிடலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. சொந்த நிலம் இல்லாதவரின் நாலு ஆட்டுக்கு மிச்சமிருப்பது அதுதான். வரிசையாக நிலம் இருக்கிற பங்காளிகள் ஆளுக்கு முப்பது மீட்டர் அகலத்தைப் புல்லாக விட்டு, பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டே, ஏக்கர் கணக்கில் குத்தகை வாங்குவதுதான் நேர்மையான வழி. மேய்ச்சல் உரிமையும் அவர்களுக்கே. வேண்டாம் என்று தோன்றினால் பயிர் வைக்கிற உரிமையும்.

சட்டம். நம் நாட்டில் விமான நிலையத்துக்கு மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) தருகிற உரிமம் பொதுப் பயன்பாடு, தனியார் பயன்பாடு என்று இரண்டு வகை. தனியாருக்குக் கதவே இல்லை என்று சொல்ல முடியாது, பேளகொண்டப்பள்ளியே சாட்சி. ஆனால் இரண்டு கிலோமீட்டர் தாருக்கு எழுதிய நடைமுறையின் வழியாக ஒரு மேய்ச்சல் பட்டை நுழைய முடியாது. இங்கிலாந்தில் ஒரு விவசாயி தன் நிலத்தை வருஷத்தில் 28 நாள் வரை தற்காலிகமாக வேறு வேலைக்குத் திட்ட அனுமதி இல்லாமலே பயன்படுத்திக்கொள்ளலாம். நிறையப் புல் ஓடுபாதைகள் அப்படித்தான் தொடங்குகின்றன. பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதுப் பயணிகள் விமான நிலையம் வரக் கூடாதென்ற நிபந்தனை ஓசூரைக் கட்டிப்போட்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. டிக்கெட் விற்காத, இரண்டு பேர் உட்காருகிற, பகல் வெளிச்சத்தில் மட்டும் பறக்கிற விமானத்துக்கென்று லேசான தனி விதிமுறை ஒன்று வேண்டும். பெங்களூரு வான்வெளிக்கு இடைஞ்சல் இல்லாத உயரம், முன்கூட்டியே தகவல், காப்பீடு, கம்பி இல்லாத இரு கோடிகள் என்று நிபந்தனை எவ்வளவு வேண்டுமானாலும் போடட்டும். நிறைவேற்ற முடிகிற நிபந்தனைகளாக இருந்தால் போதும்.

“இதனால யாருக்கு இன்னா லாபம்?” மாமா கடைசியில் கேட்டார். ஆஸ்திரேலியாவில் 1928-இல் தொடங்கிய பறக்கும் டாக்டர் சேவையைச் சொன்னேன். நூறு மைலுக்கு ஆஸ்பத்திரி இல்லாத பண்ணைகளில் ஆளாளுக்கு மண் பட்டையைச் சமப்படுத்தி வைத்திருப்பார்கள். ராத்திரியில் அவசரமென்றால் வண்டியை ஓட்டிக் கங்காருவை விரட்டிவிட்டு, ஓரங்களில் விளக்கேற்றி விமானத்தை இறக்குவார்கள். மாமா கேட்டுவிட்டு, “நமக்குத்தான் 108 வருதே” என்றார். சரிதான். கெலமங்கலத்திலிருந்து ஓசூர் பெரிய தூரமில்லை. அஞ்செட்டி மலைக் கிராமங்களுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம், ஆனால் அங்கே சமநிலம் இல்லை. மருத்துவத்தைக் காட்டி நான் இதைக் கேட்கப்போவதில்லை.

நான் கேட்பது பிள்ளைகளுக்காக. ஓசூரில் லாரி செய்கிறோம், மோட்டார் பைக் செய்கிறோம், கைக்கடிகாரம் செய்கிறோம். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் இரும்பைக் கடைகிற கைகள் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஐடிஐ படித்த பையன்கள் விமான உதிரிபாகம் கடைகிற பட்டறைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். தான் கடைந்த பாகம் எந்த விமானத்தில் உட்காருகிறது என்று அந்தப் பையன் பார்த்ததில்லை. விமானத்தைத் தொட்டதும் இல்லை. உலகத்தில் நிறையச் சிறு விமானங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே ஆட்கள் கூடிச் செய்தவை. செய்து முடித்தால் ஓட்டிப் பார்க்க ஒரு புல் பட்டை பக்கத்தில் இருக்கிறது, அதனால் செய்கிறார்கள். இன்ஜின் இல்லாத கிளைடரும் அப்படித்தான். ஒரு நீளப் புல்தரை, ஒரு கயிறு இழுக்கும் எந்திரம், காற்று தெரிந்த ஆட்கள், அவ்வளவுதான் தேவை. மலைச்சரிவும் மேற்குக் காற்றும் நம்மிடம் தாராளமாக இருக்கின்றன.

மாமா இதற்கு உடனே பதில் சொல்லவில்லை. வரப்பில் உட்கார்ந்து தரிசுப் பக்கம் பார்த்தபடி, மேற்கே பங்காளி நிலமும் சேர்ந்தால்தான் நீளம் வரும், அந்தப் பக்கம் போகிற மூணு பேஸ் கம்பியை நகர்த்த மின்வாரியத்துக்குப் பணம் கட்ட வேண்டும், அதை யார் கட்டுவது என்று தொடங்கினார். பங்காளியிடம் அவரே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். கம்பியை மாற்ற எவ்வளவு ஆகும் என்று உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் எஸ்டிமேட் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். களத்து மேட்டில் மூங்கில் நட்டு, ஆடி தொடங்கி மாசி வரை காலை, உச்சி, மாலை என்று காற்றைக் குறித்து வைக்க மாமாவின் பேத்தி நோட்டு ஒன்றைக் கோடு போட்டு வைத்திருக்கிறாள். இதே வேலையை அரூர், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் யாராவது தங்கள் கொல்லையில் செய்ய விரும்பினால் எழுதுங்கள். கட்டம் போட்ட அந்தத் தாளை அனுப்பிவைக்கிறேன்.